மூன்று நிமிடக் கெடு

வெளிநாட்டு மருத்துவமனைகளில் தமிழில் பேசப்படுவதை எல்லாம் இயந்திரமே மொழிபெயர்த்தது. கோவை அலுவலகத்தில் திட்ட மேலாளராக இருந்த இன்பவல்லியின் வேலை, ஒவ்வொரு உரையாடலையும் சரிபார்க்க ஓர் ஆளிடம் ஒப்படைப்பது மட்டும்தான். மூன்று நிமிடத்துக்குள் அந்த ஆள் திருத்தாவிட்டால் இயந்திரம் எழுதியதே மருத்துவரிடம் போய்விடும்.

அன்று மதியம் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல் வந்தது. நினைவில்லாமல் கிடக்கும் கணவனுக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா என்று மருத்துவர் அவளிடம் கேட்டிருந்தார்.

"வேணாம்னு நான் எப்படிங்க சொல்வேன்?" என்றாள் அவள்.

மனைவி வேண்டாம் என்கிறார் என்று இயந்திரம் ஆங்கிலத்தில் எழுதியது.

இன்பவல்லி சரிபார்ப்பவரைப் போனில் பிடித்தாள். "தயாளன், உடனே அதத் திருத்துங்க. அந்தம்மா சரின்னுதான் சொல்லுது."

"பஸ்ல இருக்கேன் மேடம். நெட் சுத்திக்கிட்டே இருக்கு, ஃபைல் தொறக்க மாட்டேங்குது."

அந்த நேரத்தில் ஒப்படைக்க வேறு ஆள் இல்லை; மேலாளருக்குத் திருத்தும் உரிமையும் இல்லை. எந்த மருத்துவமனை என்பதும் அவளுக்குக் காட்டப்படவில்லை. அவள் திரையைத் தட்டிக்கொண்டே இருக்கும்போது கெடு முடிந்தது.

சற்று நேரத்தில் அதே குரல் அடுத்த வேலையாக வந்தது.

"ஏங்க எல்லாரும் வெளிய போறீங்க?"

இந்த முறை இயந்திரம் ஒரு சொல்கூடப் பிசகாமல் மொழிபெயர்த்திருந்தது.