ஒன்ஸ்மோர்

பனைமரத்தடியில், கள் சொட்டும் உடைந்த கலயம் ஒன்று கிடந்தது. அதுதான் பூச்சிகளின் பார். மரவட்டையார் நடத்திவந்தார். மாலையானால் அங்கே ஒரு சில்வண்டு பாடுவான். வெள்ளத்தில் பிரிந்துபோன மனைவியைத் திரும்பி வரச் சொல்லும் பாட்டு. தினமும் அதே பாட்டுதான். கேட்டு அழுவதற்கென்றே கூட்டம் வரும்.

ஒரு நாள் அந்தப் பாட்டு தூரத்தில் கேட்டு, கால் ஒடிந்த பெண் சில்வண்டு ஒருத்தி நொண்டி நொண்டி வந்து சேர்ந்தாள்.

"அண்ணே, அவரு என்னோட..."

"உஷ்! பாடும்போது பேசக் கூடாது. பின்னாடி போய் நில்லும்மா" என்று அதட்டினார் மரவட்டையார்.

பாட்டு முடிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் "ஒன்ஸ்மோர்!" என்று கத்தியது. பாடகனின் முகம் மலர்ந்தது. தன்னோடு இருந்த நாட்களில் அந்த முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததே இல்லை.

அவன் மறுபடி முதலிலிருந்து பாடினான். பாதியில் அவள் வெளியே போய்விட்டாள்.

பாடி முடித்தவன், "கூட்டம் எப்படிண்ணே?" என்று கேட்டான்.

"எல்லாரும் அழுதுட்டாங்கப்பா. கால் ஒடிஞ்ச ஒருத்தி மட்டும், 'திரும்பி வா'ன்னு நீ உருகுற இடத்துல கிளம்பிப் போயிட்டா."

"ரசனை கெட்ட ஜென்மம்" என்று சிரித்தான் பாடகன்.