கழுவிய கூண்டு

பழங்காநத்தத்து மாடிவீட்டு வராந்தாவில், கூண்டுக்கு முன்னால் அமலோற்பவம் டீச்சர் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் நன்றாக இருந்த கினிப்பன்றி ரோசி, டாக்டரிடம் கொண்டுபோகும்போது ஆட்டோவில், அவள் மடியிலேயே செத்துப்போனது. முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தவள், பிணத்தைத் தூக்கியதும் வீட்டைக் கழுவுகிற மாதிரி, கூண்டைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டாள். மத்தியான வெயில் கம்பி நிழலை ஈரத் தகரத்தில் கோடு கோடாகப் போடுகிறது. தனியாகிப்போன இன்னொரு கினிப்பன்றி ஜிம்மி, கூண்டுக்குள் மூலை மூலையாக மோந்து பார்க்கிறது, தும்முகிறது, விசில் மாதிரி ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. கொத்தமல்லி தொடாமலே வாடிக் கிடக்கிறது. “தின்னு தொலையேன். எம்புட்டு நேரந்தான் கெஞ்சுறது?” என்று கத்துகிறாள். “அதோட வாசனை கொஞ்சமாச்சும் இருந்தா இது இப்படித் தேடுமா? யாரு உன்னையக் கழுவச் சொன்னா?” என்கிறார் கதவருகே நிற்கும் கணவர் சவரிராஜ். அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவளுக்கு அது தோன்றவில்லையே. கையை உள்ளே விட்டு ஜிம்மியை வெடுக்கென்று தூக்கி மடியில் போட்டுக்கொள்கிறாள். கசங்கிய சேலை மடிப்புக்குள் அது மூக்கை நுழைக்கிறது, இன்னும் உள்ளே போகிறது, பிறகு அசையாமல் படுத்துக்கொள்கிறது. விசில் நிற்கிறது. “வெந்நி காஞ்சிருச்சு. செத்ததைத் தூக்குன சேலை, நனைச்சுப்போட்டுட்டுத் தலைக்குக் குளி” என்கிறார் அவர். அவள் நிமிரவில்லை. “இன்னைக்கு நான் குளிக்கல. நீங்க அங்கிட்டுப் போங்க.”