உடன் குடியிருப்பவர்

மறுபடியும் ‘சி’யைக் கறுப்பாக்கியிருந்தாள்.

பென்சிலை அழுத்திய அழுத்தலில் அடுத்த தாளிலும் வட்டம் பதிந்திருந்தது.

விடைப் பக்கத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. சரியான விடை ‘ஏ’. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

ஒரு வீவக வீடு, அரசாங்கம் கட்டி விற்கும் அடுக்குமாடி வீடு. உரிமையாளர் என்ற இடத்தில் தம்பியின் பெயர். உடன் குடியிருப்பவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். வீட்டை விற்க யாருடைய சம்மதம் வேண்டும்?

ஏ, தம்பியின் சம்மதம் மட்டும்.

சி, இருவரின் சம்மதமும்.

இந்த ஒரு கேள்விதான் ஒவ்வொரு மாதிரித் தாளிலும் வேறு வேறு பெயர்களோடு வருகிறது. ஒவ்வொரு தடவையும் கை ‘சி’க்குப் போய்விடுகிறது.

வரும் சனிக்கிழமை காலை தேர்வு. தேறினால் வீடு விற்றுக் கொடுக்கும் முகவராக உரிமம் வாங்கலாம்.

மூன்றாவது முறை எழுதுகிறாள். முதல் முறை நான்கு மதிப்பெண் குறைந்தது. போன முறை இரண்டு.

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடையில் இருபத்தாறு வருடம் இருந்தாள். கடையை மூடிவிட்டார்கள். வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் பிறந்த வருடத்தைப் பார்த்ததும் மரியாதையாகச் சிரித்து, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

யாரும் சொல்லி அனுப்பவில்லை.

ஐம்பத்து மூன்று வயதை இந்தத் தேர்வு ஒன்றுதான் பொருட்படுத்தவில்லை.

இந்த வீட்டை வாங்கிய நாளில் அவளுக்கு இருபத்தைந்து. படிவத்தை அம்மாதான் நிரப்பச் சொன்னாள். அம்மா பெயரும் தம்பி பெயரும் மேலே, உரிமையாளர் இடத்தில். இன்றோ நாளையோ கல்யாணமாகிப் போகிறவள் என்று அவள் பெயர் கீழே.

கல்யாணம் ஆகவில்லை. அம்மா போய்விட்டாள். இப்போது மேலே இருப்பது தம்பி பெயர் மட்டும்.

கீழே என்றால் என்னவென்று பாடப்புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. அன்று அந்தப் பக்கத்தைத் தாண்டி அவளால் படிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையின் ஒரு கோடியில் அவளுடைய தாள்கள். மறு கோடியில் தம்பியின் மனைவி சாவித்திரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஓரிரு இலைகள் பறந்து வந்து விடைத்தாளில் ஒட்டின.

தம்பி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

“என்னக்கா, இந்தத் தடவையாவது தேறுமா? இல்ல அந்த எக்ஸாம் ஹாலுக்கு ஒரு சீசன் பாஸ் எடுத்துக் குடுத்துரவா?”

சாவித்திரி சிரித்தாள். அவளும் சிரித்தாள்.

“சட்டுப்புட்டுனு பாஸ் பண்ணுக்கா. வீட்ட உன் கையாலயே வித்துரலாம். வெளி ஆளுக்கு எதுக்குக் கமிஷன் அழணும்? அதுக்குத்தான நாங்க பொறுத்துட்டு இருக்கோம்.”

“எந்த வீட்ட?”

“இந்த வீட்டத்தான்.”

சாவித்திரி தலையை நிமிர்த்தவில்லை. காம்புகளைத் தனியே ஒதுக்கினாள்.

“பொங்கோல் பக்கம் ஒரு மூணு ரூம் வீடு பாத்து வச்சிருக்கோம்க்கா. பாப்பாவோட சேத்து மூணே பேரு. போதும்,” என்றான் தம்பி.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“உனக்கென்னக்கா? லைசென்ஸ் வந்துட்டா உன் சம்பாத்தியம் உனக்கு. எங்கயாச்சும் ஒரு ரூம் எடுத்துட்டு ராணி மாதிரி இரு.”

அன்பாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, அவளுக்கு வியர்க்கிறதே என்று மின்விசிறியை ஓர் எண் கூட்டி வைத்தான்.

தாள்கள் படபடத்தன. உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கேள்விகளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். முன்பணம், கெடு, வாங்குபவரின் வருமான வரம்பு. விடைகள் எல்லாம் கேட்டவுடன் வந்து நின்றன. எதுவும் வராமல் போயிருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது.

கடைசியில் முன்பக்கம் திருப்பி அந்தக் கேள்விக்கு வந்தாள். ‘சி’யை அழித்தாள். ‘ஏ’யைக் கறுப்பாக்கினாள்.

இந்த முறை கை அதுவாகவே போயிற்று.

திருத்தினாள்.

கூட்டினாள்.

தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அதற்கு மேல் ஒன்று.

மறுபடி கூட்டினாள். அதே எண்தான்.

இப்படி ஒரு நாள் வந்தால் எழுந்து நின்று கத்துவேன் என்று நினைத்திருந்தாள். மேசையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எவ்வளவு வந்துச்சு அண்ணி?” என்றாள் சாவித்திரி.

தம்பியும் திரும்பிப் பார்த்தான். துண்டு இன்னும் அவன் தோளிலேயே கிடந்தது.

“ரெண்டு குறையுது.”

அவன் உச்சுக்கொட்டினான்.

“சனிக்கிழம விட்டா அடுத்தது எப்ப வரும்?”

“ஆறு மாசம்.”

விடைத்தாளை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.

அதற்கு மேல் அது மடியவில்லை.