கோப்பை வாங்கிய மேகம்

“குடையை உன் தலைக்கா பிடிக்கிற? கேமராவுக்குப் பிடி!”

தஞ்சோங் பூங்கா கடற்கரையில், புயல் மழையில் தொப்பலாக நனைந்து நின்ற சவுந்தரத்தைப் பார்த்து அவள் கணவர் ஆரோக்கியநாதன் கத்தினார். பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி அவர். புகைப்படச் சங்கத்தின் கோப்பையை இந்த வருஷம் வாங்கியே தீருவதென்று கிளம்பியிருந்தார்.

“எனக்குக் காய்ச்சல் வந்துடும் லா!”

“காய்ச்சல் வந்தா போயிடும். இந்த மேகம் போனா வருமா?”

கேட்டீர்களா கண்ணுகளா, மனுஷன் பேசின பேச்சை!

சங்கத்தின் கண்காட்சியில் அவர் படத்தின் முன்னால் ஒரே கூட்டம். “இந்தக் கறுத்த மேகத்துக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன்,” என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

சவுந்தரத்துக்குச் சிரிப்பு வந்தது. படம் பிடித்த கண்ணாடித் தகட்டைக் கழுவி அச்சடித்துப் பார்த்தபோது வானம் வெறும் வெள்ளையாக இருந்ததும், ஸ்டூடியோக்காரர் தம் பெட்டியிலிருந்த பழைய மேகத் தகடு ஒன்றைச் சேர்த்து அச்சடித்துக் கொடுத்ததும் அவளுக்குத் தெரியாதா?

பரிசு கொடுக்க வந்த சங்கத் தலைவர் விநாசித்தம்பி, மேகத்தைப் பார்த்ததும் முகம் வெளிறினார்.

“இது... எங்க பிடிச்சனீர்?”

ஆரோக்கியநாதனுக்கு வியர்த்தது. குட்டு உடைந்தால் கோப்பை மட்டுமா, மானமும் போய்விடும்.

தலைவரோ அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கோப்பையை அவர் கையில் திணித்தார். “முதல் பரிசு உமக்குத்தான்! படத்தைக் கழட்டிக்கொண்டு கெதியா வீட்டுக்குப் போம்!”

ஏன் இந்த அவசரமென்று சவுந்தரம் திரும்பினாள். போன வருஷம் கோப்பை வாங்கிய, தலைவர் எடுத்த படம் எதிர்ச்சுவரில் தொங்கியது. கெப்பாலா பத்தாஸ் ஊர் வயல். அதன்மேல் அச்சு அசலாக அதே மேகம்.

“ஏங்க,” என்றாள் சவுந்தரம், கூட்டத்துக்கே கேட்கும்படி, “நீங்க காத்திருந்த மேகம் ஒரு வருஷமா அங்க காத்திருக்கு லா!”