வெறும் அறை

காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் அகச்சிவப்புக் கருவிகளைச் செய்து விற்கும் கம்பெனியை ஆரம்பித்தவர் அவர். இப்போது நடத்துவது மகள். அப்பா காலையில் எடுத்த கிராஃபைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"கார்பன் டை ஆக்சைடு மைனஸ்ல காட்டுதுப்பா."

"கருவி நல்லாத்தாம்மா இருக்கு."

"தினமும் முதல்ல வெறும் அறையை அளந்து, அதைக் கழிச்சிட்டுத்தான் மத்ததைப் பாக்கணும்னு எங்க உயிரை வாங்குனது நீங்கதான். இதுல ஆறு மாசப் பழைய அளவு கிடக்கு. அழிச்சிட்டுப் புதுசா எடுக்கட்டுமா?"

"வேணாம்."

"ஏன்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதை எடுத்தப்ப உங்கம்மா பக்கத்துல உக்காந்து வம்பு பேசிட்டிருந்தா. அவ விட்ட மூச்சும் அதுல இருக்கு. காலையில நான் மட்டுந்தானே இருந்தேன். ஒரு ஆள் மூச்சு குறையுது, அவ்வளவுதான்."