வரிப்படிவத்தில் ஓர் இரண்டு

ஒஸ்லோ நகரின் ட்வெய்ட்டாப் பகுதியில், ஒன்பதாம் மாடிக் குசினிக்குள் 2004இன் ஏப்ரல் வெயில் சாய்ந்து விழுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஏழு மாதமான தர்மிளா, கணவனின் வரிப்படிவத்தை மேசையில் விரித்து, நொர்வேஜியச் சொற்களை விரல் வைத்து எழுத்துக்கூட்டுகிறாள். விரல் ஓர் எண்ணில் நிற்கிறது.

“இஞ்சருங்கோ, இதிலை ஏன் ரெண்டு எண்டு கிடக்கு?”

உதயணன் யன்னலோரம் தேநீரை ஊதிக்கொண்டு நிற்கிறான். “அது வரி வகுப்பு. மனிசிக்கு உழைப்பில்லையெண்டால் ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்து வரியைக் குறைப்பினம். அந்த ரெண்டிலை ஒராள் நீர்தான்.”

அவள் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறாள். ஒரு சிறு எண்ணுக்குள் தான் இருப்பது அவளுக்கு வியப்பாயிருக்கிறது. கீழே சுரங்க ரயில் இரைந்து போகிறது.

“நான் வேலைக்குப் போனால்?”

“ஆளுக்கொரு ஒண்டு. என்ரை வரி கூடும்.” அவன் திரும்பிப் பார்க்கிறான். “ஏன் கேக்கிறீர்?”

“பார்னஹாகனிலை, உந்தப் பாலர் பள்ளியிலை, பிள்ளையளைப் பாக்க வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டவை.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“ஓம் எண்டு.”

தேநீர்க் கோப்பையிலிருந்து ஆவி மெல்ல எழுகிறது. அவன் கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே அமர்கிறான்.

“என்ன மொழியிலை சொன்னனீர்?”

“நொர்வேஜியத்திலைதான்,” என்று சொல்லி அவள் தாளை மடிக்கிறாள்.