மாமாவுக்கு அவசரம்

"சாவியை இப்பவே குடுத்துடு. நடுவழியில அழுதுகிட்டே குடுக்கிறதைவிட இது கௌரவம்" என்றான் கணவன்.

"குடுக்க மாட்டேன்" என்று அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

லைசென்ஸ் வாங்கிய பிறகு அவள் ஓட்டியதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும்தான். நெடுஞ்சாலையில் ஓட்டுவது இதுதான் முதல் தடவை. நாத்தனார் வீட்டில் இன்று விடுமுறை விருந்து. நாளை அங்கிருந்து கிளம்பி ஒரு வாரம் கடலோரமாகவே ஊர் சுற்றப் போகிறார்கள். அந்த ஒரு வாரமும் யார் ஓட்டுவது என்பதில்தான் வீட்டில் பத்து நாளாகச் சண்டை.

கடைசியில் கணவன் ஒரு பந்தயம் வைத்தான்.

"அக்கா வீட்டு வாசல் வரைக்கும் நீயே ஓட்டணும். அவங்க சாப்பாடு போடறதுக்குள்ள போய்ச் சேரணும். நடுவுல ஒரு தடவை 'நீங்க ஓட்டுங்க'ன்னு சொன்னாலும், அப்புறம் லீவு முழுக்க நான்தான். சம்மதமா?"

"சம்மதம். ஜெயிச்சா நான்தான். நீங்க பக்கத்துல உக்காந்து வாயை மூடிட்டு வரணும்."

பின்சீட்டில் மாமனார் பேத்தியோடு உட்கார்ந்துகொண்டார். பந்தயத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அவரை அதுவரை நல்ல மனுஷர் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மாமனாரிடமிருந்து முதல் குரல் வந்தது.

"அம்மா, ஓரமா நிறுத்தேன். பாத்ரூம் போகணும்."

நிறுத்தினாள். வயசானவர், பாவம்.

பாலத்தைத் தாண்டியதும் மறுபடி. "கால் மரத்துப் போச்சும்மா."

சுங்கச்சாவடி தாண்டி, "ஒரு டீ குடிச்சா தேவலை."

அப்புறம் ஏரிக்கரையில், "தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பார்த்துட்டு வந்துடறேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏரியில் தண்ணீர் நின்றால் இவருக்கென்ன, நிற்காவிட்டால்தான் என்ன? கடிகாரமோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"தாத்தா, உங்களால அம்மா தோத்துடுவா" என்றாள் பேத்தி.

"தோக்கட்டுமே" என்று சிரித்தான் கணவன். "அப்பாவுக்கு டாங்க் சின்னது. ஆனா சமயத்துக்குக் கை கொடுக்கறார்."

ஓஹோ, சங்கதி அப்படியா! அப்பனும் பிள்ளையும் கூட்டுச் சேர்ந்துகொண்டு அவள் காலை வாருகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். இன்னொரு தடவை கேட்டால் காதே கேட்காத மாதிரி இருந்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தாள்.

அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

சாதாரண மழையில்லை. பக்கத்தில் போன லாரி வாரியடித்த தண்ணீரில் ஒரு கணம் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அவள் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். 'நீங்க ஓட்டுங்க' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கணவனும் அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நிறுத்தும்மா! அவசரம்!" என்று கத்தினார் மாமனார்.

காது கேட்காமல் இருக்கும் தீர்மானமெல்லாம் மறந்துபோய், பக்கத்திலிருந்த பெட்ரோல் பங்குக்குள் வண்டியைத் திருப்பினாள்.

"இப்பத்தானே போனீங்க அப்பா!"

"வயசாச்சுடா. உனக்கும் வரும், பாரு."

இறங்கிப் போனவர் சட்டென்று திரும்பி வந்தார், கையில் சுடச்சுட ஒரு டீயோடு. அதை அவளிடம் நீட்டினார்.

"உங்களுக்கு மாமா?"

"எனக்கு வேண்டாம்மா. ஆற அமரக் குடி."

டீயை முடித்து, விரல்களைச் சொடுக்கெடுத்து, அவள் நிமிர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. மனசிலும் ஏதோ தெளிந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் ஓட்டினாளே, அதுதான் ஓட்டம்! இரண்டு லாரிகளை அலட்டிக்கொள்ளாமல் முந்தினாள். ஹாரன் அடித்த அதே பஸ்ஸையும் முந்தினாள். பேத்தி கைதட்டினாள். கணவன் வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தான். மாமனார் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்.

நாத்தனார் வீட்டு வாசலில் கார் நின்றபோது உள்ளே அப்போதுதான் தட்டுகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"நீயா ஓட்டிட்டு வந்தே? முழுக்கவா?" என்று நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"முழுக்க நான்தான் அண்ணி!" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாவியைக் கணவன் முகத்துக்கு நேரே ஆட்டிக்காட்டிவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எல்லாம் சரி" என்றான் அவன், விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவனாக. "அப்பாவை முதல்ல டாக்டர்கிட்ட காட்டணும் அக்கா. வழியில அவர் இறங்காத இடமே இல்ல."

"அப்பாவா?" நாத்தனார் திகைத்தாள். "போன மாசம் என் கார்ல என்னோட வந்தாரே, உங்க வீட்டு வாசல்ல ஏறினவர் இங்க வந்துதான் இறங்கினார். நடுவுல நிறுத்தவான்னு கேட்டதுக்கு, 'நீ என்ன பஸ்ஸா ஓட்டறே'ன்னு திட்டினார்!"

அவள் மெல்லத் திரும்பினாள். மாமனார் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா?"

பிள்ளை உள்ளே போய்விட்டானா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டு அவர் மெதுவாகச் சொன்னார்.

"உன் தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறினப்ப எல்லாம்தாம்மா எனக்கு அவசரம் வந்துச்சு. நாளையிலேர்ந்து வராதுன்னு தோணுது."